லெட்டர்ல ரெண்டு மூணு பேருக்கு எழுதுறப்போ கமாவா (,), அரைப்புள்ளியா (;)?

தம்பி, நீங்க அனுப்புன இன்டர்ன்ஷிப் பெர்மிஷன் லெட்டரைப் படிச்சேன், விஷயம் தெளிவா எழுதியிருக்கீங்க, ஆனா பெறுநர் பகுதிலயே படிக்கிறவங்க தடுக்கி நின்னுடுவாங்க. முதல்வர் பேரு, கமா, முதல்வர், கமா, துறைத்தலைவர் பேரு, கமா, துறைத்தலைவர்னு ஒரே வரியில ஓட்டிட்டீங்க. இதுல இருக்கிறது ரெண்டு பேரா நாலு பேரான்னு புதுசா பார்க்கிறவருக்கு எப்படிப் புரியும்? பேரையும் பதவியையும் பிரிக்கிறதும் கமா, ஆளையும் ஆளையும் பிரிக்கிறதும் கமா, சிக்கலே அங்கதான்.

முன்னாடி ஒரு பொண்ணு "துறைத்தலைவர், தேர்வுப் பொறுப்பாளர்"னு போட்டு லெட்டர் குடுத்துச்சு. ஆபீஸ்ல ஒருத்தரே ரெண்டு பொறுப்புல இருக்கார்னு நினைச்சு ஒரே காப்பிதான் அனுப்புனாங்க, ரெண்டாவது ஆளுக்குப் போகவே இல்ல, பாவம் பத்து நாள் காத்திருந்துச்சு.

அதனால பிரிண்ட் எடுத்துக் குடுக்கிற லெட்டர்னா ஒவ்வொருத்தர் அட்ரஸையும் தனியா போட்டு நடுவுல ஒரு வரி இடம் விடுங்க. பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்த மாதிரி வரிக்கு வரி கமா, அந்த அட்ரஸ் முடியிற இடத்துல முற்றுப்புள்ளி. இங்கிலீஷ் லெட்டர்ல இப்போ வரிக் கடைசியில எதுவும் போடாம விடுறதும் சரிதான், ஆனா முதல் அட்ரஸுக்குப் போட்டுட்டு அடுத்ததுக்கு விட்டுடாதீங்க. ஒரே வரியிலதான் இடம் இருக்குன்னா பேரு, கமா, பதவி, அப்புறம் அரைப்புள்ளி போட்டு அடுத்த ஆள். பதவி மட்டும்னா நடுவுல "மற்றும்" போட்டுடுங்க, அதுக்கு முன்னாடி கமா வேண்டாம்.

விளிக்கிற இடத்துல "ஐயா/அம்மா"ன்னு சாய்கோடு போட்டிருக்கீங்க, அது இவர் இல்லன்னா அவர்னு அர்த்தமாகிடும். ரெண்டு பேருக்கும்தானே எழுதுறீங்க, "மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,"ன்னு எழுதுங்க.

மெயில்னா கொஞ்சம் வேற மாதிரி. 2008ல வந்த ஆர்எஃப்சி 5322ங்கிற மெயில் விதிப்படி அட்ரஸ்களுக்கு நடுவுல கமாதான், ஜிமெயில்லயும் கமா போட்டாப் போதும். அவுட்லுக்ல மட்டும் வழக்கமா அரைப்புள்ளி, ஏன்னா நிறைய ஆபீஸ்ல குடும்பப் பேரு, கமா, சொந்தப் பேருன்னு சேவ் பண்ணி வெச்சிருப்பாங்க. செட்டிங்ஸ்ல மாத்துனா அதுவும் கமாவை ஏத்துக்கும்.

கீழ "நகல்" போட்டு முக்காற்புள்ளி (:) வெச்சு, ஒரு வரிக்கு ஒருத்தரா எழுதிட்டு இன்னிக்கு ராத்திரிக்குள்ள திருப்பி அனுப்புங்க, நான் பார்த்துட்டுச் சொல்றேன், அதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுடாதீங்க.