சுருதி சேராத பிள்ளை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது. இசை ஆசிரியராக எனக்கு இது மூன்றாவது வருடம். முதல் வாரத்திலேயே எல்லாரையும் பாடச் சொல்லிக் கேட்டு, சுருதி சேராதவர்களைச் சேர்ந்திசைக் குழுவில் சேர்க்காமல் விட்டுவிடுவது என் வழக்கம். போன வருடம் அப்படி விட்டுப்போன ஒரு சிறுமி அதன்பின் வகுப்பில் வாயே திறக்கவில்லை. இந்த வருடமும் என் வகுப்பில்தான் இருக்கிறாள். என்ன செய்யட்டும்? நீங்கள் பல காலம் இந்த வேலையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

– ஓர் இசை ஆசிரியர்

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கும் அப்படி ஒரு பையன் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "நீ சத்தம் போடாமல் வாயை மட்டும் அசை" என்று அவனிடம் சொன்னேன். எட்டு வயது. சொன்னபடியே செய்தான். மேடையில் அவன் உதடுகள் ஒரு சொல் பிசகாமல் அசைந்துகொண்டிருந்தன. பாட்டு முழுவதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

தவறு என்னிடம்தான் என்று புரியப் பல வருடம் ஆனது. நான் என் இயல்பான குரலில் பாடிக் காட்டிக்கொண்டிருந்தேன். வளர்ந்த ஆணின் பேச்சுக்குரல் நொடிக்கு 100, 120 அதிர்வு என்றால், எட்டு வயதுப் பிள்ளையுடையது 250ஐ ஒட்டி இருக்கும். நான் பாடும் இடத்துக்கு அந்தத் தொண்டை இறங்காது. ஒரு ஸ்தாயி மேலே, அதாவது கீழ் 'ஸ'வை விட்டு மேல் 'ஸ'வில், வைத்துப் பாட வேண்டும் என்று சில பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்வார்கள். மற்றவர்கள் என் குரலைத் தேடிக் கீழே போய் அடித்தொண்டையில் முனகுவார்கள். அந்த முனகலைத்தான் 'சுருதி சேரவில்லை' என்று குறித்துவைத்தேன். நீங்கள் மேலே ஏறி, மெல்லிய குரலில் பாடிக் காட்டுங்கள். வரவில்லையா, நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையைப் பாடச் சொல்லுங்கள். பிள்ளையின் குரலைப் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

சரி, அந்தச் சிறுமி. அவளை எல்லார் முன்னாலும் தனியாகப் பாடவிடாதீர்கள். 'ஊ' என்று கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும் விளையாட்டை வகுப்பு முழுவதற்கும் வையுங்கள். பேசும் குரலை விட்டுப் பாடும் குரலுக்குப் போகும் வழி பல பிள்ளைகளுக்கு அதில்தான் தெரியவரும். அப்புறம் ஒருநாள் அவள் ஏதோ ஒரு ஸ்வரத்தில் நிற்கும்போது, நீங்கள் அங்கே போய்ச் சேருங்கள். அவளை உங்கள் சுருதிக்கு இழுக்க வேண்டாம். இரண்டு குரல் ஒன்றாகிப்போவது எப்படி இருக்கும் என்று அவள் ஒருதடவை காதால் உணர வேண்டும். இதுவரை அது அவளுக்குக் கிடைத்தே இருக்காது. அங்கிருந்து அரை ஸ்வரம் மேலே, மறுபடி கீழே. தினம் ஐந்து நிமிடம் போதும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

ஸ்வர வேறுபாடே பிறவியில் பிடிபடாதவர்கள் இருக்கிறார்கள். ஆய்வுகள் சொல்லும் அளவு நூற்றுக்கு ஒருவரிலிருந்து நான்கு பேர் வரைதான். முதல் வாரத்தில் நீங்கள் எத்தனை பேரை விடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

விடுமுறை முடிந்து குரல் உடைந்து வரும் பெரிய பையன்களையும் கவனியுங்கள். போன வருடம் முன்வரிசையில் நின்று பாடியவன் இப்போது ஒரு ஸ்தாயி வரை கீழே இறங்கியிருப்பான். அவனுக்கே அந்தக் குரல் அந்நியம். ஆஸ்திரிய இசைமேதை ஜோசப் ஹைடனை வியன்னா தேவாலயப் பாடகர் குழு அவருடைய 17 வயதை ஒட்டி அனுப்பிவிட்டது, சிறுவர் குரல் போய்விட்டது என்பதால். நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பொனிகள் அதன்பின் அவர் எழுதியவை. உடைந்த குரலுக்கு நாலைந்து ஸ்வரத்துக்குள் அடங்கும் வரிகளைக் கொடுங்கள், கத்தவிடாதீர்கள், குழுவிலேயே வைத்திருங்கள்.

இன்னொன்று. போன வருடம் விலக்கியது உங்கள் பிழை என்று அந்தச் சிறுமியிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். முதல் நாளே சொல்லுங்கள். அந்தப் பையனிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. அடுத்த வருடம் பள்ளி திறந்தபோது அவன் வேறு ஊருக்குப் போயிருந்தான்.