கதவுகளை எண்ணிக் கட்டணம் போடலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் எங்கள் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பும், அதை ஒட்டி முதியோர் பராமரிப்பு இல்லமும் வரவிருக்கின்றன. தனி வீட்டுக்கு வாங்கும் மேம்பாட்டுக் கட்டணத்தையே இவற்றின் ஒவ்வொரு அறைக்கும் குடியிருப்புக்கும் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பாரம் நம் தலையில் விழும் என்கிறார்கள் அண்டை வீட்டார். அது நியாயம்தானே?

பதில்: நியாயம் இல்லை. மேம்பாட்டுக் கட்டணம் என்பது வரி அன்று. புதிய கட்டடத்தால் சாலைக்கும் பூங்காவுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் எவ்வளவு கூடுதல் தேவை உண்டாகிறதோ, அதை ஈடுசெய்யும் செலவுக்கு மட்டுமே அதை வாங்கலாம். கட்டணத்துக்கும் தேவைக்கும் உள்ள தொடர்பை நகராட்சி நிறுவ வேண்டும் என்பது, 1987-இல் அந்த மாநிலம் இயற்றிய சட்டத்தின் அடிப்படை. ஏற்கெனவே இருக்கும் பற்றாக்குறையைச் சரிசெய்யும் செலவைப் புதிதாக வருபவர் மேல் ஏற்றுவதற்கும் அதில் இடமில்லை.

சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நகராட்சிகள் பெரிதும் நம்பும் போக்குவரத்துப் பொறியாளர் கழகத்தின் கையேட்டின் 2021-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, ஒரு தனி வீட்டுக்கு வார நாளில் சுமார் 9.4 வாகனப் பயணங்கள். நடுத்தர உயரமுள்ள அடுக்குமாடியில் ஒரு குடியிருப்புக்குச் சுமார் 4.5, பராமரிப்பு இல்லத்தில் ஒரு படுக்கைக்குச் சுமார் 2.6. அந்த 2.6-இல் பெரும்பங்கு ஊழியரும் உறவினரும் வந்து போவதே. அங்கு வாழ்பவர்களில் மிகச் சிலரே கார் ஓட்டுகிறார்கள். பள்ளிக் கட்டடங்களுக்காக வாங்கும் மேம்பாட்டுக் கட்டணத்தில் சட்டமே இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2024-இல் மாநிலம் நிர்ணயித்த உச்சவரம்பு, குடியிருப்புக்குச் சதுர அடிக்கு 5.17 டாலர், வணிகக் கட்டடத்துக்கு 0.84 டாலர். முதியோர் பராமரிப்பு இல்லங்கள் இந்த இரண்டாவது வரம்புக்குள்தான் வருகின்றன, ஏனெனில் அங்கிருந்து பள்ளிக்குப் போகும் குழந்தை யாருமில்லை.

அடுக்குமாடிக்கும் இதே வாதம் பொருந்தும். 700 சதுர அடிக் குடியிருப்புக்கும் 3,000 சதுர அடி வீட்டுக்கும் 30,000 டாலர் என்று ஒரே கட்டணம் வைத்தால், சிறிய வீட்டுக்காரர் சதுர அடிக்கு ஏறத்தாழ 43 டாலரும் பெரிய வீட்டுக்காரர் 10 டாலரும் செலுத்துவார்கள். 2022 ஜூலை முதல் நகராட்சிகள் ஏற்கும் புதிய கட்டண ஆய்வுகள், அதாவது கட்டணத்துக்கும் தேவைக்கும் உள்ள தொடர்பை நிறுவும் அறிக்கைகள், தக்க காரணம் எழுத்தில் காட்டினாலன்றி, வீட்டின் பரப்பளவுக்கேற்பவே கட்டணத்தைக் கணக்கிட வேண்டும் என்று மாநிலம் விதித்ததற்கு இந்த அநீதியே காரணம்.

ஆனால் பராமரிப்பு இல்லத்துக்கு எல்லாக் கட்டணத்தையும் குறைத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விழுந்தவரைத் தூக்கவும் மூச்சுத்திணறல் வந்தவரைக் கொண்டு செல்லவும் தீயணைப்புத் துறைக்கு அங்கிருந்து அழைப்பு அடிக்கடி வரும். சமையலறை, சலவைக்கூடம் ஆகியவற்றால் தண்ணீர்ச் செலவும் உண்டு. ஆகவே சாலை, பள்ளி, பூங்கா ஆகியவற்றில் குறைவாகவும், தீயணைப்பு நிலையத்துக்கு முழுமையாகவும் வாங்குவதே நேர்மையான கணக்கு. அப்படி வாங்கும் பணத்தை நிலையம் கட்டவும் வண்டி வாங்கவும்தான் செலவிடலாம். ஊழியர் சம்பளத்துக்கு அல்ல.

உங்கள் அண்டை வீட்டாரின் அச்சத்தில் உண்மை இருப்பது ஓரிடத்தில்தான். உரிய பங்கையும் நகர மன்றம் தள்ளுபடி செய்தால் நிதியில் பள்ளம் விழும். அதை மற்ற வீடுகளின் கட்டணத்தைக் கூட்டி நிரப்ப முடியாது, ஏனெனில் எவரிடமும் அவர் பங்குக்கு மேல் வாங்கக் கூடாது. பொது நிதியிலிருந்தோ மாநில மானியத்திலிருந்தோதான் கொடுக்க வேண்டும். 1978-இல் கலிபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியைக் கட்டிப்போட்டதிலிருந்து பல நகரங்களின் பொது நிதி மெலிந்தே இருக்கிறது. அவை கட்டணத்தின் மேல் இவ்வளவு சாய்வதும் அதனால்தான். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆயினும் அதற்கு விலை கொடுக்க வேண்டியவர் பராமரிப்பு இல்லத்தில் வாழும் எண்பது வயது மூதாட்டி அல்லர். கட்டடம் எழுப்புபவர் செலுத்தும் தொகையில் ஒரு பகுதி அந்த மூதாட்டி மாதந்தோறும் கொடுக்கும் வாடகையில் வந்து சேரும். அந்த வாடகைக்கு முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் உதவாது.

2024 ஏப்ரலில் எல் டொராடோ மாவட்ட வழக்கில், 23,420 டாலர் சாலைக் கட்டணத்தை எதிர்த்து ஒருவர் தொடுத்த மேல்முறையீட்டில், சட்டமன்றமோ மாவட்ட மன்றமோ பொதுவிதியாக விதித்த கட்டணம் என்பதற்காக கட்டணம் கட்டடத்தின் பாதிப்புக்குப் பொருந்துகிறதா என்ற அரசமைப்பின் சோதனையிலிருந்து அது தப்ப முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எனவே நகர மன்றக் கூட்டத்துக்குச் செல்லும்போது, கட்டணம் கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்ற வாதத்தைத் தொடங்குவதற்கு முன், கட்டண ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பராமரிப்பு இல்லத்துக்குத் தனிப் பிரிவு அதில் இல்லையென்றால், அதைச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள்.