ரொசெட்டா கல் 1799இலேயே கிடைத்தும் எகிப்திய எழுத்தைப் படிக்க ஏன் 1822 வரை ஆனது?

எகிப்தில் கிடைத்த இந்தக் கல்லில் ஒரே அரசாணை எகிப்திய எழுத்திலும் கிரேக்கத்திலும் இருக்கிறதே, ஒப்பிட்டால் முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் கல்லின் எகிப்தியப் படஎழுத்துப் பகுதி பெருமளவு உடைந்துபோயிருந்தது. அதைவிடப் பெரிய தடை, படங்கள் ஒலியை அல்ல, கருத்தையே குறிக்கும் என்ற பழைய நம்பிக்கை.

இங்கிலாந்தின் தாமஸ் யங், கல்லில் நீள்வட்டக் கோட்டுக்குள் இருக்கும் குறிகள் தாலமி என்ற கிரேக்க வம்சத்து அரசனின் பெயர் என்று கண்டுபிடித்தார் (இவருக்கு உரிய பெருமையைப் பலர் தருவதில்லை). ஒலிக்குறிகள் அந்நியப் பெயர்களுக்கு மட்டுமே என்று எண்ணி அங்கேயே நின்றுவிட்டார்.

பிரான்சின் ஷாம்போலியன் எண்ணிப் பார்த்தார்: 486 கிரேக்கச் சொற்களுக்கு 1419 படக்குறிகள். சொல்லுக்கொரு படம் என்ற கணக்கு உதைத்தது. பிறகு எகிப்தின் அபு சிம்பெல் கோயில் எழுத்துகளைப் பார்த்து வரைந்த நகல்களில் ஒரு பெயரைக் கண்டார். முதலில் சூரிய வட்டம், நடுவில் ஒரு குறி, கடைசியில் இரண்டு 'ஸ்'. எகிப்தியக் கிறித்தவர்களின் வழிபாட்டு மொழியான காப்டிக், பழைய எகிப்திய மொழியின் கடைசி வடிவம். அதை அவர் இளவயதிலேயே கற்றிருந்தார். அதில் சூரியன் 'ரே'. நடுக்குறியை 'ம்' என்று கொண்டால், அது ராம்செஸ்! எகிப்திய அரசன் பெயரிலேயே கருத்துக்குறியும் ஒலிக்குறியும் கலந்திருந்தன. 1822 செப்டம்பரில் பாரிஸில் தன் முடிவுகளை அறிவித்தார். பத்தே ஆண்டுகளில், 41 வயதில் இறந்துபோனார். அவருடைய எகிப்திய இலக்கணத்தை அண்ணன்தான் பிறகு அச்சேற்றினார்.