யூரியா மூட்டையை நிறுத்துவதற்கு முன்: இயற்கை நெல் சாகுபடி கேள்வி பதில்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் பதினான்கு ஆண்டுகளாக ரசாயன உரம் இல்லாமல் நெல் பயிரிட்டு வருகிறேன். களிமண் பூமி, ஆற்றுப் பாசனம். வந்த கேள்விகளில் என் வயலில் பட்டறிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து: ஐயா, ஐந்து ஏக்கர் இருக்கிறது. வருகிற சம்பாவிலேயே முழுவதையும் இயற்கைக்கு மாற்ற நினைக்கிறேன். யூரியாவுக்குப் பதில் ஜீவாமிர்தம் (சாணம், மாட்டு மூத்திரம், வெல்லம், பயறு மாவு கலந்து புளிக்கவைத்த கரைசல்) விட்டால் போதுமா?

போதாது, தம்பி. ஐந்தையும் மாற்றவும் வேண்டாம். ஒரு ஏக்கரில் தொடங்குங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய 20 கிலோ. தொழுவுரத்தில் நூறு கிலோவுக்கு அரைக் கிலோதான். ஒரு மூட்டைக்கு ஈடாக நான்கு டன் தொழுவுரம் வேண்டும். ஏக்கருக்கு விடும் 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் போடுவதோ பத்து கிலோ சாணம். அது உரமல்ல, உறைமோர். பாலே இல்லாத சட்டியில் உறை ஊற்றினால் தயிர் வராது.

பால் என்று நான் சொல்வது தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடி. கோடை மழை ஈரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ விதையுங்கள். 45 நாளில், பூ எடுக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடுங்கள். அதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை அது மண்ணில் சேர்க்கிறது. வெளுத்துக் கிடந்தால் அடுத்த முறை விதையை ரைசோபியம் என்ற வேர்முடிச்சு நுண்ணுயிரில் நேர்த்தி செய்து விதைக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்யாமல்தான் நான் முதல் ஆண்டு இறங்கினேன். இருபத்தெட்டு மூட்டை நெல் கண்ட ஏக்கர் பதினைந்தில் நின்றது. வீட்டில் நகை அடகுக்குப் போனது. அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது.

2021-இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. உழவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் தடையை விலக்கியும், அடுத்து வந்த பெரும்போக (அங்கே பெரிய நெல் பருவம்) அறுவடை பெரிதும் சரிந்தது. அதைக் காட்டி இயற்கை விவசாயமே ஆகாது என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிக்கிம் 2003-இல் தொடங்கி, 2016-இல்தான் முழு இயற்கை மாநிலம் என்று அறிவித்தது. மண் தேறக் காலம் கொடுத்தார்கள்.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி: ஜீவாமிர்தம் நாறுகிறது. கெட்டுவிட்டதா?

புளித்த வாடை இருக்கத்தான் செய்யும் அம்மா. அழுகல் நாற்றம் அடித்தால் தென்னைக்குக் குழி வெட்டி ஊற்றிவிடுங்கள். டிரம் நிழலில் இருக்கட்டும், வாயை ஈரச் சாக்கால் மூடுங்கள், காலையும் மாலையும் கலக்குங்கள். இரண்டு நாளில் தயாராகும். ஒரு வாரத்துக்குள் பாசன நீரோடு விட்டுவிட வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து: நெல் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வந்தால் என்ன செய்வது?

வந்த பிறகு செய்வதைவிட நடும்போதே செய்வது அதிகம். எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது வெற்று இடைவெளி, விட்டு நடுங்கள்; தூருக்குக் காற்றும் வெளிச்சமும் போக வேண்டும். தழைச்சத்து மிஞ்சி, கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும் பயிரில்தான் புகையான் குடியேறும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. குனிந்து தூரை விரித்தால் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பாக அப்பியிருக்கும். உடனே தண்ணீரை வடித்துவிடுங்கள். ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தூரில் படும்படி தெளியுங்கள். கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள். புகையானைத் தின்னும் சிலந்திகள்தான் முதலில் சாகும்.

முதல் முறைக்கு எந்த ரகம் போடலாம்?

கிச்சிலிச் சம்பா அல்லது தூயமல்லி. மாப்பிள்ளைச் சம்பா மேல் ஆசை இருக்கும், ஆனால் அது 160 நாள் பயிர், ஆள் உயரம் வளரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றில் சாயும். இந்த ரகங்கள் இன்று நம் கைக்குக் கிடைப்பதற்கு பாரம்பரிய நெல்லை மீட்ட உழவர் நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து விதை சேர்த்ததுதான் பெரிய காரணம். வாங்கிய விதையை நீங்களும் பெருக்கி, இன்னொருவருக்குக் கொடுங்கள்.

என்னிடம் மாடு இல்லை.

ஆட்டுக் கிடை போடுங்கள், அதாவது மந்தையை இரவில் வயலில் அடைத்து வையுங்கள். கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் (மந்தை மேய்ப்பவர்கள்) ஆடு ஓட்டி வருவார்கள். புழுக்கையும் மூத்திரமும் நேராக வயலில் விழும். மறுநாளே உழுது மூடுங்கள். வெயிலில் காயவிட்டால் பாதிச் சத்து காற்றோடு போய்விடும்.

சான்றிதழ் வாங்க நிறைய செலவாகுமா?

அக்கம்பக்கத்தில் ஐந்து விவசாயிகள் சேர்ந்தால் பங்கேற்பு உத்தரவாத முறையில் செலவு குறைவு. ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்வார். ஏற்றுமதி செய்வதாக இருந்தால்தான் வேறு சான்று வேண்டும்.

மண் தேறிவிட்டது என்று எப்படித் தெரியும்?

அறுவடை முடிந்து ஈரம் இருக்கும்போது மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் புரட்டுங்கள். பாளம்பாளமாகப் பெயர்ந்தால் இன்னும் இல்லை. பொலபொலவென்று உதிர்ந்து, நாங்கூழ்ப் புழு (மண்புழு) நெளிந்தால் அடுத்த ஏக்கரில் தக்கைப்பூண்டு விதையுங்கள். என் நிலத்தில் அது தெரிய மூன்றாவது தை வரை ஆனது.