தேயிலைத் தோட்டம் இருந்தும் வங்கி ஏன் தயங்குகிறது?

கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை, பட்டா உங்கள் பெயரில். இருந்தும் மேனேஜர் பெரிய கடனுக்கு யோசிக்கிறார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நாணயத்தில் அவருக்குச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கிளையில் கடன் வாங்கிய பலருக்கும் பிழைப்பு ஒரே பச்சைக் கொழுந்துதான். நகரக் கிளையில் ஜவுளிக்கடை நொடித்தால் மெடிக்கல் ஷாப் தவணை கட்டிவிடும். இங்கே கொழுந்து விலை இறங்கினால் ஊரே சேர்ந்து தவணை தவறும். சோவியத் சந்தையை நம்பியிருந்த நீலகிரித் தேயிலை, 1991இல் அந்த நாடு உடைந்தபின் பட்ட பாட்டை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

அடுத்தது நிலம். 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ளலாம். விவசாய நிலத்துக்கு அது செல்லாது. விவசாயியைக் காக்கும் நல்ல விதிதான். ஆனால் பெரிய தொகைக்கு அந்தப் பட்டாவை வங்கி முழுசாக நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம்.

2025 ஜனவரி முதல் 2 லட்ச ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு அடமானமே கேட்கக் கூடாது. முதலில் அதைக் கேளுங்கள். கொழுந்துப் பணத்தை ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். மாதாமாதம் வரும் அந்த வரவுதான் மேனேஜருக்கு நீங்கள் காட்டக்கூடிய நல்ல ஆதாரம். தயவுசெய்து கந்து வட்டிப் பக்கம் போகாதீர்கள்.