ராட்டினமும் நானும்

கேள்வி: வயது 56. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குப் போனபோது பேத்தியோடு ராட்டினம் ஏறினேன். இறங்கியும் ஒரு மணி நேரம் தலைசுற்றல். எனக்கு வயசாகிவிட்டதா? – வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்: உங்களுக்கு இல்லை, உங்கள் காதுக்கு! உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். தலை சுழன்றால் அதுவும் அசையும், அங்குள்ள நுண்மயிர்ச் செல்கள் மூளைக்குச் சேதி சொல்லும், வயது ஏற ஏற அந்தச் செல்கள் குறைவதால் கண் சொல்வதும் காது சொல்வதும் ஒத்துப்போகாமல் மூளை குழம்பிக் குமட்டுகிறது. ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் செல்போன் பார்ப்பவர்களுக்கு நடப்பதும் (எனக்கும்தான்) இதுவே. பி.பி., இதய நோய், கழுத்துத் தேய்மானம் இருந்தால் ராட்டினம் வேண்டாம். படுக்கையில் புரண்டாலே சுற்றுகிறதா? சரி, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பேத்தியை அவள் அம்மாவோடு ஏற்றிவிட்டு, நீங்கள் கீழே நின்று மிளகாய் பஜ்ஜி சாப்பிடுங்கள்.