வாசகர் கேள்வி: ஒத்த மெட்டும் களவெடுத்த மெட்டும்

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து மட்டக்களப்பு கல்லடியில் ஒரு சிறிய றொக் இசைக்குழு நடத்துகிறோம். நானே மெட்டமைத்த பாடலொன்றை அண்மையில் ஒரு கலியாண வீட்டில் பாடினோம். முன்வரிசையில் இருந்த ஒருவர், அது லெட் செப்பலின் குழுவின் ‘ஸ்ரெயர்வே டு ஹெவன்’ பாடலின் களவு என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்தேன். தொடக்கத்துக் கிற்றார் இசை மெய்யாகவே ஒத்திருக்கிறது. முன்பு கேட்ட நினைவு எனக்கில்லை. நான் கள்ளனா? (கல்லடி வாசகர்)

பதில்: நீங்கள் எழுதி அனுப்பிய கோட் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) வரிசையைக் கிற்றாரில் வாசித்துப் பார்த்தேன். ஏ மைனரில் தொடங்கி, அடிச்சுரம் அரை அரைச் சுரமாக இறங்கிக்கொண்டு போகிறது. இந்த இறக்கத்துக்காகவே லெட் செப்பலின் குழுவும் நீதிமன்றம் ஏறியது. 1971இல் வெளிவந்த அப்பாடலின் தொடக்கம், ஸ்பிரிட் குழுவின் 1968ஆம் ஆண்டு ‘டோரஸ்’ என்ற இசைத்துண்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 2016இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஜூரி சபை, ‘டோரஸ்’ லெட் செப்பலின் கலைஞர்களின் காதில் விழுந்திருந்தது என்பதை ஏற்றுக்கொண்ட போதிலும், களவு என்று சொல்லுமளவுக்கு ஒப்புமை இல்லை என்று தீர்த்தது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அப்படி இறங்கும் சுரவரிசை நூற்றாண்டுகளாகப் புழங்கி வரும் பொதுச்சொத்து. ஆகவே அந்தத் தொடக்கத்துக்காக நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆனால் ‘நினைவில்லை’ என்ற சொல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பீற்றில்ஸ் குழுவில் இருந்த ஜோர்ஜ் ஹரிசனின் ‘மை ஸ்வீட் லோர்ட்’ 1970இல் வந்தது. அதன் மெட்டு, சிஃபொன்ஸ் குழுவினர் 1963இல் பாடிய ‘ஹீ இஸ் சோ ஃபைன்’ பாடலின் மெட்டு என்று வழக்கு வந்தது. ஹரிசன் வேண்டுமென்று எடுக்கவில்லை, அடிமனத்தில் கிடந்தது தன்னையறியாமல் வெளிப்பட்டது என்று ஏற்றுக்கொண்ட நீதிபதி, அதுவும் உரிமை மீறலே என்று 1976இல் தீர்ப்பளித்தார். அங்கே எடைபோடப்பட்டவை இரண்டு சிறு துண்டுகள். நம் சுரத்தில் சொன்னால் ஒன்று ‘ப க ரி’, மற்றையது ‘ப த ச த ச’. அத்தனையும் மோகனத்துக்குள் அடங்கும் சுரங்கள். தனித்தனியே எடுத்தால் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் முதல் துண்டை நான்கு முறை பாடி, பின்னர் இரண்டாவதைத் திரும்பத் திரும்பப் பாடும் அந்த அடுக்கு வேறெங்கும் எளிதில் காணக் கிடைப்பதல்ல என்பதே தீர்ப்பின் அடிப்படை. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது, ஹரிசன் மீது அனுதாபம் இருந்தாலும்.

நம்மூர் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் ஒரே தருவின் (கூத்துப் பாட்டின்) மெட்டு வேறு சொற்களோடு வேறு கூத்தில் வந்தால், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரை ஒருவரும் கள்ளன் என்பதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். அந்த மெட்டுகள் தனியொருவர் பெயரில் இல்லை. றொக் பாடலின் மெட்டோ ஒருவர் பெயரில் இருக்கிறது. நமது இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படியும் ஆக்கியவரின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் உரிமை நீடிக்கும்.

எனவே கிற்றாரை ஒருபுறம் வைத்துவிட்டு, நீங்கள் பாடும் மெட்டை மட்டும் சொல்லில்லாமல் முணுமுணுத்துப் பதிவு செய்யுங்கள். ‘ஸ்ரெயர்வே டு ஹெவன்’ பாடலை நன்கு அறிந்த இருவருக்கு, ஒன்றும் சொல்லாமல், அதைப் போட்டுக் காட்டுங்கள். கலியாண வீட்டில் குரல் கொடுத்தவர் அகப்பட்டால் அவருக்கும்.